மின்வில்லும் பற்றவைப்பும்

மரத்தோடு மரத்தைச் சேர்க்க ஆணி உண்டு. கல்லோடு கல்லைச் சேர்க்கச் சாந்து உண்டு. துணியோடு துணியைச் சேர்க்க நூல் உண்டு. இரும்போடு இரும்பைச் சேர்ப்பதற்குத்தான் மனிதன் நெடுங்காலம் அல்லற்பட்டான். இன்று எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும், கடைத்தெருவின் ஓரத்தில் ஒரு கிரில் பட்டறையைக் காணலாம். அங்கே நீல வெண்மையாய் ஒரு சுடர் மின்னுகிறது. சில நொடிகளில் இரண்டு கம்பிகள் ஒன்றாகிவிடுகின்றன. வெல்டிங் என்று நாம் அனைவரும் வழங்கும் இப்பற்றவைப்புத் தொழிலின் வரலாறு சுவையானது, படிப்பினையும் மிகுந்தது. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பண்டைய முறையிலிருந்து தொடங்குவோம். கொல்லன் இரண்டு இரும்புத் துண்டுகளை உலையிலிட்டு, வெண்ணிறம் காணும் அளவுக்குக் காய்ச்சுவான். பிறகு ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பான். இரண்டும் உருகாமலே ஒன்றாகிவிடும். தில்லியில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண் இம்முறையில் உருவானதே. ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அத்தூண், பல இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியதன் விளைவு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் கொல்லன் பழுத்த இரும்பின்மேல் சிறிது மணலையோ வெண்காரத்தையோ தூவுவது வழக்கம். ஏன்? காய்ந்த இரும்பைக் காற்று தீண்டியதும் அதன் மேற்பரப்பில் ஒரு செதிள் படர்கிறது. அச்செதிள் இடையில் நின்றால் இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தூவிய மணல் உருகிச் செதிளைக் கரைத்துக்கொண்டு வெளியே வழிந்துவிடுகிறது. காற்றை விலக்கினாலன்றி இரும்பு இரும்போடு சேராது என்பது இதனால் விளங்கும். பற்றவைப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்றே கூறலாம்.

இனி மின்சாரத்திற்கு வருவோம். 1802ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டின் வாசிலி பெத்ரோவ் என்னும் பேராசிரியர், பெரியதொரு மின்கல அடுக்கை அமைத்து, இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே இடைவிடாத ஒளிச்சுடரை உண்டாக்கினார். அதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவியும் இச்சுடரை ஆராய்ந்து பொதுமக்களுக்குக் காட்டினார். கிடைமட்டமாக வைத்த கரிமுனைகளுக்கு இடையே எழும் சுடர், வெப்பக் காற்றால் மேல்நோக்கி வில்போல் வளைந்து நின்றது. அதனால்தான் அதற்கு ‘ஆர்க்’ என்று பெயரிட்டார்கள். நாம் மின்வில் என்கிறோம். இதன் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்டது. இரும்பு உருகுவதற்கோ 1,538 டிகிரி போதும்.

வெப்பம் கையில் இருந்தும் தொழில் பிறக்க எண்பது ஆண்டுகள் பிடித்தன. மின்கலங்களைக் கொண்டு ஒரு பட்டறையை நடத்த இயலாது. மின்னாக்கிப் பொறிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1881இல் பிரான்சில் ஆகஸ்ட் டி மெரித்தான் என்பவர் மின்கலங்களுக்கான ஈயத் தகடுகளை மின்வில்லால் இணைத்தார். அதன்பின் நிகொலாய் பெனார்தோஸ், போலந்து நாட்டவரான ஒல்ஷெவ்ஸ்கியுடன் சேர்ந்து, கரிமுனையைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1885இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். கிரேக்கரின் கொல்லத் தெய்வமான ஹெபைஸ்டஸின் பெயரையே அவர் தம் கண்டுபிடிப்புக்குச் சூட்டினார். உலகுக்கு இவ்வளவு பெரிய தொழிலைத் தந்த அவர் 1905இல் வறுமையில் உயிர்நீத்தார்.

கரிமுனையால் உருக்கும்போது, இடைவெளியை நிரப்பும் இரும்பைத் தனியே ஊட்ட வேண்டும். 1888இல் பெர்ம் நகரப் பீரங்கித் தொழிற்சாலையின் பொறியாளரான நிகொலாய் ஸ்லாவ்யானோவ் கரியை நீக்கிவிட்டு, உலோகக் கம்பியையே மின்முனையாக்கினார். சுடரை எழுப்பும் கம்பியே உருகி இடைவெளியையும் நிரப்பிற்று. தம் முறையின் திறத்தைக் காட்ட, வெவ்வேறு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து ஒரு குவளையைச் செய்து, 1893ஆம் ஆண்டுச் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பினார். இன்று பட்டறைகளில் ‘ராடு’ என்று வழங்கும் கம்பியின் மூதாதை ஸ்லாவ்யானோவின் கம்பியே.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. வெறுங்கம்பி உருகும்போது காற்றிலுள்ள உயிர்வளியும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தில் புகுந்துவிட்டன. இணைப்பு ஆறியபின் பார்வைக்கு உறுதியாகத் தோன்றியது. அடித்தாலோ பிஸ்கோத்துப்போல் உடைந்தது. கொல்லன் மணல் தூவித் தீர்த்த அதே சிக்கல் மீண்டும் தலைதூக்கியது.

இதற்கு வழி கண்டவர் ஸ்வீடன் நாட்டின் ஆஸ்கார் செல்பெரி. கப்பற் பொறியாளராய் இருந்தபோது, கொதிகலன்களில் தரையாணி அடித்த இணைப்புகள் ஒழுகுவதையும், அவற்றைச் செப்பனிட நல்ல முறை இல்லாததையும் அவர் கண்டார். 1904இல் கோத்தன்பர்க் நகரில் ஈசாப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 1907இல் பூச்சிட்ட கம்பிக்குக் காப்புரிமை கோரினார். கம்பியின்மேல் தாதுப்பொருள்களின் குழம்பைப் பூசி உலர்த்துவதே அவருடைய முறை. சுடர் எழும்போது அப்பூச்சும் எரிகிறது. அதிலிருந்து எழும் புகை சுடரைச் சூழ்ந்து காற்றைத் தள்ளிவைக்கிறது. உருகிய பூச்சு, பால்மேல் ஆடை படிவதுபோல், உலோகத்தின்மேல் கசடாய்ப் படிந்து அது ஆறும்வரை மூடிக் காக்கிறது. ஆறியபின் சிறு சுத்தியலால் தட்டினால் கசடு உதிர்ந்துவிடும். கொல்லன் கைப்பிடி மணலால் செய்ததைக் கம்பி தானே செய்துகொள்ளும்படி அமைத்ததே செல்பெரியின் பெருமை.

இத்தொழிலின் வலிமையை உலகுக்கு உணர்த்தியது போர். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் முடங்கியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஜெர்மன் கப்பல்கள் கைப்பற்றப்பட்டன. அவற்றின் மாலுமிகள் பகைவருக்குப் பயன்படக் கூடாதென்று பொறிகளின் வார்ப்பிரும்பு உருளைகளை முன்னரே உடைத்து வைத்திருந்தார்கள். புதியன வார்த்தெடுக்க நெடுங்காலம் ஆகும் என்ற நிலையில், பற்றவைப்புக்காரர்கள் அவற்றைச் சில மாதங்களில் சீராக்கினார்கள். அக்கப்பல்களே பின்னர் அமெரிக்கப் படைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. 1920இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையில் புல்லகர் என்னும் கப்பல் நீரில் இறங்கியது. முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்ட முதல் கடற்கப்பல் அது. 1928இல் போலந்து நாட்டின் ஸ்தெபான் பிரிவா என்னும் பேராசிரியர் மௌஜித்சே என்னும் ஊரில் முழுவதும் பற்றவைத்த சாலைப் பாலம் ஒன்றைக் கட்டினார். அவரை 1943இல் நாஜிகள் கொன்றனர். பாலத்தை இன்றும் நினைவுச்சின்னமாகப் போற்றுகிறார்கள்.

வெற்றிகளைச் சொன்னால் போதாது. தோல்வியே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல்களை மட்டும் 2,710 கட்டியது. தரையாணியை விடுத்துப் பற்றவைத்ததால்தான் அந்த வேகம் கைகூடிற்று. ஆனால் 1943 ஜனவரி 16 அன்று ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் துறையில், புதிதாகக் கட்டி முடித்த ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில் நின்றபடியே பேரொலியுடன் நடுவில் பிளந்தது. புயல் இல்லை; குண்டு விழவில்லை. லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றிலும் வெடிப்புகள் தோன்றின.

காரணம் யாது? பற்றவைப்பு முறையையே பலர் பழித்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உலோக ஆய்வாளரான கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார் உண்மையை ஆராய்ந்து காட்டினார். அந்நாளைய எஃகு குளிரில் தன் நெகிழ்வை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையதாய் இருந்தது. தளத்திலுள்ள சதுரத் திறப்புகளின் கூர்மூலைகளிலும் குறையுள்ள பற்றவைப்புகளிலும் சிறு வெடிப்புத் தொடங்கியது. தரையாணிக் கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலோ முழுவதும் ஒரே தகடு போன்றது; வெடிப்பு தடையின்றி ஓடியது. ஒற்றுமை வலிமை தரும் என்கிறோம். அவ்வொற்றுமையில் ஒரு மூலையில் குறை இருப்பின், அக்குறையும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. எஃகின் தரம், வடிவத்தின் செம்மை, கையின் நேர்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இணைப்பு நிற்கும் என்பதை உலகம் அன்று கற்றது.

இந்த உண்மையை நான் ஒருமுறை கண்கூடாகக் கண்டேன். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் இரும்பு ஊஞ்சல் ஒன்று இருந்தது. பளபளக்கும் வண்ணம் பூசியது. ஒரு நாள் அதன் மேல்விட்டத்தின் இணைப்பு விடுபட்டு, ஆறாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து கை முறிந்தது. பழுதுபார்க்க வந்தவர் எம் பழைய மாணவர். முறிந்த முனையைத் திருப்பி என்னிடம் காட்டினார். “ஐயா, இதைப் பாருங்கள். உலோகம் உள்ளே இறங்கவே இல்லை. மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கசடு அப்படியே இருக்கிறது. துருவைத் தேய்க்காமல், மின்சாரத்தைக் குறைவாக வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வண்ணம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்றார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. பற்றவைப்பில் நல்லதும் தீயதும் மேற்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டையும் பிரித்தறிவது செய்தவனின் மனச்சான்று ஒன்றே. சிறுமியின் கை சில வாரங்களில் கூடிவிட்டது. அம்மாணவர் ஊஞ்சலைப் புதிதாகப் பற்றவைத்துத் தந்தார்.

ராடைக் கொண்டு பற்றவைக்க இயலாத உலோகங்களும் உண்டு. விமானம் கட்டுவோர்க்கு எடை குறைந்த மக்னீசியமும் அலுமினியமும் வேண்டும். மக்னீசியம் காற்றில் சூடானால் தீப்பற்றிக்கொள்ளும். இங்கே புகைத்திரை போதாது. எதனோடும் சேராத வாயு ஒன்று காவல் நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஹோபார்ட், டெவர்ஸ் என்னும் இருவர் மந்த வாயுவில் மின்வில்லை எழுப்பும் முறைகளுக்கு 1930இல் காப்புரிமை பெற்றிருந்தனர். 1941இல் நார்த்ராப் விமான நிறுவனத்தின் ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் சேர்த்து மக்னீசியத்தைப் பற்றவைத்தார். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஆகவே முனை கரையாமல் நிற்கும். நிரப்பும் கம்பியை மறுகையால் ஊட்டுவார்கள். இதுவே இன்று ‘டிக்’ எனப்படும் முறை. நம் பட்டறைகளில் இதனை ஆர்கான் வெல்டிங் என்பர்.

ஹீலியத்திற்கும் நம் நாட்டிற்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஆராய்ந்தார். அவரும் இங்கிலாந்தில் லாக்கியரும் அவ்வாண்டு சூரிய ஒளியில் நிகழ்த்திய ஆராய்ச்சிகளிலிருந்தே ஹீலியம் பற்றிய அறிவு தோன்றியது. ஆர்கான் 1894இல் ரேலி, ராம்சே என்னும் அறிஞர்களால் காற்றிலிருந்தே பிரித்தறியப்பட்டது. காற்றின் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான்தான். எதனோடும் சேராமல் சும்மா இருப்பதால், சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார்கள். அந்தச் சோம்பேறியே இன்று உலகின் மிக நுட்பமான இணைப்புகளுக்குக் காவலாளி! காற்றை விலக்கக் காற்றிலிருந்தே ஒரு துணை கிடைத்தது வியப்பன்றோ?

தமிழ்நாட்டில் இத்தொழில் பெருமையுடன் வளர்ந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்ப உதவியுடன், முழுவதும் எஃகால் பற்றவைத்த பெட்டிகள் அங்கே உருவாயின. 1960களில் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. கொதிகலனின் குழாய்களில் நீராவி பேரழுத்தத்தில் ஓடும். ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒன்று பிழைத்தாலும் நிலையமே நின்றுவிடும். ஆகவே 1975இல் அங்கே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

இனிப் பொறியை அமைக்கும் முறையைச் சுருங்கச் சொல்வேன். முன்னாளில் இருவர் சேர்ந்தும் தூக்க இயலாத மின்மாற்றிப் பெட்டியே பட்டறையில் இருந்தது. 1980களிலிருந்து இன்வெர்ட்டர் பொறிகள் பரவின. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இப்பொறி அதனைப் பல்லாயிரம் முறை அலையச் செய்வதால் உள்ளிருக்கும் மின்மாற்றி மிகச் சிறிதாகிவிடுகிறது. ஒருவர் தோளில் மாட்டிச் செல்லும் ஒரே பெட்டியில் ராடு வெல்டிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் இரண்டும் அமைந்துவிட்டன.

ராடுக்கு முதலில் செய்ய வேண்டியது, எர்த் பிடியைத் துருவும் வண்ணமும் நீக்கிய இரும்பில் இறுகப் பொருத்துவது. நேர்மின்சாரமாயின் பெரும்பாலான ராடுகளுக்குப் பிடிகையை நேர்முனையிலும் எர்த்தை எதிர்முனையிலும் செருகுவர். ராடின் உறையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்வது நன்று. ராடின் தடிப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது எளிய கணக்கு. 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் பொருந்தும். தீக்குச்சி கிழிப்பதுபோல் ராடை உரசிச் சுடரை எழுப்பி, ராடின் தடிப்பளவே இடைவெளி விட்டுச் சீராக இழுக்க வேண்டும். இடைவெளி நீண்டால் காற்றுப் புகும். குறைந்த ஹைட்ரஜன் வகை ராடுகளை அடுப்புப் பெட்டியில் 300 டிகிரிக்கு மேல் உலர்த்தியே பயன்படுத்த வேண்டும். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் எஃகில் புகுந்து பின்னர் வெடிப்பை உண்டாக்கும்.

ஆர்கான் முறைக்கு மாறும்போது கம்பிவடங்களை இடம் மாற்ற வேண்டும். டார்ச்சு எதிர்முனைக்கும் எர்த் நேர்முனைக்கும் செல்லும். நேர்மின்வில்லின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேர்முனையில் எழுகிறது. அது வேலைப்பொருளுக்குப் போக வேண்டுமேயன்றி டங்ஸ்டனை உருக்கக் கூடாது. டங்ஸ்டனின் நுனியை நீளவாட்டில் தீட்டிக் கூராக்க வேண்டும். வாயு நிமிடத்திற்கு 6 முதல் 10 லிட்டர் போதும். மிகுந்தால் சுழன்று வெளிக்காற்றை உள்ளிழுக்கும். சுடர் அணைந்தபின்னும் சில நொடிகள் வாயு ஓட விட்டு, இணைப்பு ஆறும்வரை டார்ச்சை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். அலுமினியத்திற்கு மாறுமின்சாரம் தேவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேற் படிந்த ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மின்சாரம் மாறும் ஒரு பாதியில் அப்படலம் சிதைகிறது. மறுபாதியில் உலோகம் உருகுகிறது.

எச்சரிக்கைகளையும் சொல்லாமல் விடுதல் தகாது. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழிந்து, நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். பட்டறையில் சிறுவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டும் வெயிற் கண்ணாடி அணிந்தும் பற்றவைப்பதைக் காண்கிறோம். வெயிற் கண்ணாடி இதற்குப் பயன்படாது. 10ஆம் எண் அளவிலான கருங்கண்ணாடி பதித்த முகமூடி வேண்டும். நாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றவைப்புப் புகை புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் உறுதிப்படுத்தியது. ஆகவே காற்றோட்டம் இன்றியமையாதது. ஈரத்தரையில் நின்று ராடு மாற்றுவதும் உயிருக்கு உலை வைக்கும்.

பெற்றோர்களே, தொழில் பழகச் செல்லும் உங்கள் பிள்ளைக்கு முதலில் ஒரு முகமூடி வாங்கிக் கொடுங்கள். பட்டறை நடத்துவோரே, அதனை அணியாத பையனிடம் பிடிகையைக் கொடுக்காதீர்கள். ஒரு முகமூடியின் விலை சிறிது. கண்ணின் விலை யார் சொல்ல வல்லார்?

கொல்லனின் மணல், செல்பெரியின் பூச்சு, மெரிடித்தின் வாயு ஆகிய மூன்றும் செய்த தொண்டு ஒன்றே. உருகி நிற்கும் வேளையில் உலோகம் எளிதிற் கெடும். அவ்வேளையில் அதனைக் காத்து நின்றால், பின்னர் அது நம்மைக் காத்து நிற்கும். நாம் ஏறும் இரயிலும், கடக்கும் பாலமும், நம் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலும் முகமறியாத ஒருவரின் கையை நம்பியே நிற்கின்றன. வண்ணத்தின் அடியில் யாரும் காணாத இடத்திலும் செம்மையாகச் செய்பவரே தொழிலாளி. அவருக்கு நாம் உரிய கூலியையும் உரிய மதிப்பையும் தருவது நம் கடன்.